சுவரில் முடியும் தெருக்கள்: புதுச்சேரியின் விரிவும் தெருப்பின்னலும்

புதுச்சேரியில் மூலக்குளத்துக்கு அப்பால் புதிய நகரொன்றில் வீடு கட்டிக் குடியேறிய ஒருவர் கேட்டது இது: "மொட்டைமாடியில் நின்றால் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் மணி கேட்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர, வந்த வழியே பெரிய சாலைக்குப் போய், அரைக் கிலோமீட்டர் தள்ளி மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. பழைய டவுனில் இப்படி இல்லையே. நகரம் பரந்துவிட்டதால் வந்த வினையா இது? தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை அளக்க முடியுமா? நாளடைவில் தானாகச் சரியாகிவிடுமா?"

மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு மனைப்பிரிவு முடிந்து அடுத்த மனைப்பிரிவு தொடங்கும் எல்லைக்கோடுதான் அந்த இடம். அந்தக் கோட்டில் எத்தனை இடங்களில் வழி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு நடுத்தர நகரத்தின் இணைப்பு அமைகிறது. நகரம் எத்தனை கிலோமீட்டர் பரந்திருக்கிறது என்பதற்கு அடுத்த இடம்தான்.

நகரப் பரவல் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் கலந்து வழங்குகிறோம். மக்கள்தொகை கூடும் வேகத்தைவிடக் கட்டடம் ஏறிய நிலப்பரப்பு வேகமாகக் கூடுவது ஒரு பொருள். ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்று எண்ணிடப்பட்ட அளவுகோல் இந்த இரண்டு வேகங்களின் விகிதத்தையே கேட்கிறது. புதிதாகப் போடப்படும் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் மரக்கிளை போலப் பிரிந்து நிற்பது மற்றொரு பொருள். இரண்டும் பெரும்பாலும் கைகோத்து வரும் என்றாலும், அப்படி வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி தெருவளவில் துண்டு துண்டாக இருக்கலாம். வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதியில் தெருக்கள் நன்றாகவே கோத்திருக்கலாம். முதல்வகைப் பரவலைக் காலம் ஓரளவு திருத்தும்: காலி மனையில் வீடு வரும், ஒற்றைத் தளம் மூன்று தளமாகும். இரண்டாம் வகை அவ்வளவு எளிதில் திருந்துவதில்லை, ஏனென்றால் நகரத்தின் உறுப்புகளிலேயே மிக மெதுவாக மாறுவது தெருக்கோடு.

இதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1674-இல் பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேறினாலும், இன்று நாம் பார்க்கும் நேர்கோட்டுத் தெருக்களின் திட்டத்தை வரைந்தவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயப் படை நகரைப் பிடித்துக் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளியது. 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1765 முதல் பிரெஞ்சு ஆளுநர் ழான் லாவ் தெ லொரிஸ்தோன் காலத்தில் மீண்டும் கட்டியபோது, புதிய வீடுகள் பழைய தெருக்கோடுகளின் மேலேயே எழுந்தன. ஒரு படை முழு வீச்சில் இடித்தும் அழிக்க முடியாதது தெருவின் கோடு. பின்னர் அரண் இருந்த வளையத்தை ஒட்டிப் புல்வார் என்னும் அகன்ற சாலைகள் அமைந்தன. மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை என்று இன்றும் அந்த வளையத்தை ஒரு சுற்று வரலாம்.

உள்ளே ஒரு பெரிய வாய்க்கால் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த ஒயிட் டவுனையும் தமிழர் பகுதியையும் பிரித்தது. பிரிப்பதற்காகவே இருந்த தடை அது. ஆனாலும் கிழக்கு மேற்குத் தெருக்களில் பல, சிறு பாலங்கள் வழியே அதைக் கடக்கின்றன. குடியேற்ற ஆட்சியின் இனப் பாகுபாடு வகுத்த எல்லையில் இருக்கும் திறப்புகள்கூட, இன்று பக்கத்துப் பக்கத்தில் போடப்படும் இரண்டு நகர்களுக்கு நடுவே இல்லை என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி அளவீட்டுக்கு வருவோம். தெருப்பின்னலை அளப்பவர்கள் சந்திப்புகளைக் கணுக்களாகவும், இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருத்துண்டுகளைக் கண்ணிகளாகவும் எடுத்துக்கொள்வார்கள். குறுக்கே பத்து, நெடுக்கே பத்து என்று 100 சந்திப்புகள் கொண்ட ஒரு சதுரக் கட்டத்தை வரைந்து பாருங்கள். அதில் 180 கண்ணிகள் இருக்கும். அதே 100 கணுக்களை ஒரு மரம்போல, எந்தக் கிளையும் மற்றொன்றோடு சேராதபடி இணைத்தால் 99 கண்ணிகளே போதும். கணுவுக்குக் கண்ணி என்ற விகிதம் முதலாவதில் 1.8, இரண்டாவதில் 0.99. வேறுபாட்டின் உண்மையான பொருள் வட்டங்களின் எண்ணிக்கையில் தெரியும்: கட்டத்தில் 81 தனித்தனி வட்டங்கள் உண்டு, மரத்தில் ஒன்றுகூட இல்லை.

வட்டம் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர் புறப்பட்ட வழியே திரும்பி நிலைக்கு வருவதில்லை. தேரைப் பின்னோக்கி இழுக்க முடியாது என்பதால் மாட வீதிகள் நான்கும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாக இருந்தாக வேண்டும். ஆகவே தேர் ஓடும் ஊர் எதுவாக இருந்தாலும் அதன் நடுவில் குறைந்தது ஒரு வட்டமாவது உறுதி. ஒரு தெருப்பின்னலில் தேர் சுற்றி வரக்கூடிய வட்டங்கள் எத்தனை என்று எண்ணுவதே இணைப்பை அளப்பதன் சாரம். முட்டுத் தெருக்கள் மொத்தச் சந்திப்புகளில் எத்தனை விழுக்காடு, ஒரு சதுர கிலோமீட்டரில் சந்திப்புகள் எத்தனை, நேர்கோட்டுத் தொலைவைப் போல எத்தனை மடங்கு நடக்க வேண்டியிருக்கிறது என்பவையெல்லாம் அதன் மேல் சேரும் நுணுக்கங்கள். கடைசியாகச் சொன்ன சுற்றுவழி விகிதம் சதுரக் கட்டத்தில் எந்த இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலும் 1.41-ஐத் தாண்டாது. நீங்கள் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு அது ஐந்தையோ ஆறையோ தொட்டாலும் நான் வியக்கமாட்டேன்.

புல்வாருக்கு வெளியே கதை வேறு. அங்கே ஏற்கெனவே இருந்தவை ஊர்கள்: முத்தியால்பேட்டை, சாரம், நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, உழவர்கரை, ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை. ஒவ்வொரு ஊருக்கும் கோயில், குளம், அதைச் சுற்றிச் சில தெருக்கள், தெருவுக்குத் தெரு புகுந்து வெளியேறச் சந்துகள். வரைபடத்தில் பார்க்கக் கோணல்மாணலாகத் தெரிந்தாலும், ஆள் நடந்து கடக்க முடியாத இடம் அவற்றில் குறைவு. ஊர்களுக்கு நடுவே வயலும் தோப்பும் ஏரி வாய்க்கால்களும் இருந்தன. நகரிலிருந்து கோரிமேடு வழியாகத் திண்டிவனம் பக்கமும், வில்லியனூர் வழியாக விழுப்புரம் பக்கமும், அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் பக்கமும், முத்தியால்பேட்டை வழியாக வடக்கேயும் சாலைகள் விசிறிபோலப் பிரிந்து போயின. விசிறிக் காம்புகள் இருந்தன. அவற்றைக் குறுக்கே கட்டும் நூல் இல்லை. நூறடிச் சாலை பிற்காலத்தில் போடப்பட்ட அப்படிப்பட்ட ஒரு நூல், அதுவும் ஒன்றே ஒன்று.

மக்கள் எங்கே போய்க் குடியேறினார்கள் என்பதைக் கணக்கெடுப்பு தெளிவாகச் சொல்கிறது. 2001-இல் புதுச்சேரி நகராட்சியிலும் உழவர்கரை நகராட்சியிலும் ஏறத்தாழச் சமமான மக்கள், தலா 2.2 லட்சம் அளவில் இருந்தனர். 2011-இல் புதுச்சேரி நகராட்சி 2,44,377, உழவர்கரை 3,00,104. பத்தாண்டில் பழைய நகராட்சி ஏறத்தாழ 11 விழுக்காடு வளர, புதியது 38 விழுக்காடு வளர்ந்துவிட்டது. நகரத்தொகுதி முழுவதும் சேர்த்து 6,57,209 பேர். அதற்குப் பின் கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை என்றாலும், வில்லியனூர் சாலையில் ஒருமுறை போய்வந்தவர்களுக்கு அந்தப் போக்கு திரும்பவில்லை என்பது தெரியும்.

அந்த மக்கள் குடியேறிய நிலம் எப்படித் தெருவாக மாறியது என்பதில்தான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. சென்னை, பெங்களூரு போன்ற மாநகரங்களின் விளிம்பில் நூறு ஏக்கரை ஒரே நிறுவனம் வாங்கி மதில் எழுப்புவதும், அமெரிக்கப் புறநகரில் தெருவை வேண்டுமென்றே வளைத்து முட்டாக முடிப்பதும் நாம் கேள்விப்பட்டவை. நம் பக்கத்தில் நடப்பது அதுவன்று. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் பாகப்பிரிவினைக்காகவோ திருமணச் செலவுக்காகவோ நிலத்தை விற்கிறது. வாங்குபவர் அதை அளந்து, கல் நட்டு, மனை போடுகிறார். அவர் போடும் தெருக்கள் வளைவதில்லை. நேராகவே இருக்கும், குறுக்குத் தெருக்களும் செங்குத்தாகவே வெட்டும். முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று பெயரும் ஒழுங்காக இருக்கும். தனியாக எடுத்துப் பார்த்தால் புல்வார் பகுதியின் சிறிய நகல் போலவே தோன்றும்.

ஆனால் அந்த ஒழுங்கு அவருடைய புல எண்ணோடு முடிந்துவிடுகிறது. அடுத்த புல எண் வேறொருவருடையது. இன்னும் நெல் விளைகிறது, அல்லது வழக்கில் கிடக்கிறது. மனை போடுபவருக்கு வேண்டியதெல்லாம் பெருஞ்சாலையிலிருந்து உள்ளே வர ஒரு வழி. அது ஒன்று இருந்தால் மனைகள் விலைபோகும். மறுபக்கம் தெருவைத் திறந்துவிட்டால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. மாறாக, தெரு முடியும் இடத்தில் இன்னொரு மனையைப் பிரித்து விற்றால் பணம். வழிக்காக விடும் ஒவ்வொரு அடியும் விற்க முடியாத அடி. எட்டாண்டுகள் கழித்துப் பக்கத்து வயலில் அடுத்தவர் மனை போடும்போது, அவருக்கும் இதே கணக்கு. இரண்டு நகர்களின் தெருக்களும் ஒரே கோட்டில், முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் ஒரு சுவரோடு நிற்கும். சில இடங்களில் தெருவின் முனையில் ஓர் அடி அகலப் பட்டையை மட்டும் முதல் உரிமையாளர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. பக்கத்து நிலக்காரர் வழி கேட்டு வரும் நாளில் அந்த ஓர் அடிக்கு என்ன விலை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தெருக்குத்து என்ற நம்பிக்கையும் இதில் ஒரு கை போடுகிறது. தெரு நேராக வந்து முட்டும் மனையை வாங்கப் பலர் தயங்குவதால், அந்த மனை கடைசிவரை விற்காமல் கிடக்கும், அல்லது விலை குறையும். இணைப்பை விரும்புகிறவனாக நான் இந்த நம்பிக்கையைப் பழிக்கமாட்டேன், ஏனென்றால் விற்காமல் கிடந்த அப்படிப்பட்ட மனை வழியாகவே மக்கள் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையார் ஒருவரை வைத்து வீடு எழும்பிய பின் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

எங்கே தெரு தொடர்ந்தது என்று பார்த்தால், அங்கே பெரும்பாலும் ஒரு பழைய வண்டிப்பாதை இருந்திருக்கும். கிராமப் புலப்படத்தில் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட பாதையை யாரும் மனையாக்க முடியாது. ஆகவே இரண்டு பக்கத்து நகர்களும் அதை நோக்கித் திறந்துகொண்டன. நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்காக விட்ட வழி, இன்று பள்ளிப் பேருந்துக்குப் பயன்படுகிறது. வாய்க்கால் புறம்போக்கு இதற்கு நேர் எதிர். அது சட்டப்படி பொதுவிடம் என்றாலும், குறுக்கே ஒரு சிறுபாலம் போட யாருக்கும் பொறுப்பில்லாததால் இரண்டு கரைகளும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டுகின்றன.

மேற்சொன்ன அளவைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நான்குக்கு ஐந்து என்று 20 சந்திப்புகள் கொண்ட ஐந்து மனைப்பிரிவுகள் ஒரே சாலையின் ஓரத்தில் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 31 தெருத்துண்டுகள், 12 வட்டங்கள். ஐந்திலும் சேர்த்து 60 வட்டங்கள்; முட்டுத் தெருக்கள் மிகச் சில; சந்திப்புகளின் அடர்த்தியும் உயர்வு. கணினி இதை நல்ல இணைப்புள்ள பகுதி என்றே சொல்லும். ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவும் பெருஞ்சாலையோடு ஒரே ஒரு துண்டால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் நகர் முழுவதும் அடைபடும். முந்நூறு மீட்டர் ஆழமுள்ள இரண்டு நகர்களின் கடைக்கோடியில், ஒரே மதிலின் இரு பக்கமும் குடியிருப்பவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக அறுநூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நேர்த்தொலைவோ பதினைந்து மீட்டர். ஆகவே நம் பக்கத்து நகரங்களை ஆய்பவர்கள் உள்வட்டங்களை எண்ணுவதோடு நில்லாமல், மனைப்பிரிவுகளின் எல்லையில் கிலோமீட்டருக்கு எத்தனை திறப்புகள் என்பதையும் எண்ண வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் தரவை எடுத்து, ஜெஃப் போயிங் 2017-இல் வெளியிட்ட ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற கருவியில் ஓட்டினால் முதல்வகை எண்கள் எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். இரண்டாவதற்குக் காலால்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் தொடும் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மதில் நிற்பதும், தொடாத இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆள் நுழையும் சந்து இருப்பதும் அன்றாடம் காணும் பிழைகள்.

மனைப்பிரிவுகளின் எல்லைகளுக்கு மேல் புதுச்சேரிக்கு இன்னும் பெரிய தடைகள் உண்டு. 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம் ரயில்பாதை மேற்கிலிருந்து வந்து நகரின் தென்பகுதியை அறுக்கிறது. அதைக் கடக்கும் கேட்டுகளிலும் மேம்பாலங்களிலும் எல்லா வண்டிகளும் வந்து குவிகின்றன. தெற்கே அரியாங்குப்பம் ஆறும் சுண்ணாம்பாறும். லாஸ்பேட்டையில் விமான நிலையம். எல்லாவற்றுக்கும் மேலாக மாநில எல்லை. கோட்டக்குப்பம் முத்தியால்பேட்டையை ஒட்டியே இருந்தாலும் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2021-இல் தனி நகராட்சியும் ஆகிவிட்டது. கோரிமேட்டை ஒட்டிய பட்டானூரும் தமிழ்நாடு. வண்டியில் போகிறவர் எல்லையை உணர்வது மதுக்கடைப் பலகையிலும் பெட்ரோல் விலையிலும்தான். ஆனால் தெருவை வரைகிறவர்கள் அதை ஒவ்வொரு அங்குலமும் உணர்கிறார்கள். இந்தப் பக்கம் ஒப்புதல் தருவது ஓர் அரசின் அமைப்பு, அந்தப் பக்கம் வேறோர் அரசின் அமைப்பு. இரண்டு பக்கத்துத் தெருக்களையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை இருவருக்கும் இல்லை.

இதன் விலையை நாம் பெருஞ்சாலைகளில் கொடுக்கிறோம். உள்தெருக்கள் ஒன்றோடொன்று சேராததால், பால் வாங்கப் போகிறவரும் சென்னையிலிருந்து கடலூர் போகிற பேருந்தும் ஒரே சாலையில் இறங்குகிறார்கள். ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம், மரப்பாலம் ஆகிய மூன்று சந்திப்புகளில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை, உள்வழி இருந்தால் அங்கே வந்தே இருக்க வேண்டாதவை. டெம்போக்களும் பெருஞ்சாலையை விட்டு இறங்குவதில்லை; இறங்கினால் அதே வழியில் திரும்ப வேண்டும் என்பதால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே நகருக்குள் குடியிருப்பவர் இருசக்கர வண்டி வாங்குகிறார், சாலை இன்னும் நிறைகிறது. சதுக்கங்களுக்கு மேலே பாலம் கட்டுவது இந்த நெரிசலுக்கு மருந்தாகப் பேசப்படுகிறது. பாலம் வேகத்தைக் கூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பின்னலின் கணக்கில் அது ஏற்கெனவே இருக்கும் ஒரு கண்ணியைத் தடிமனாக்குகிறதே தவிர, புதிய வட்டம் ஒன்றையும் சேர்ப்பதில்லை.

வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ஐ ஒட்டி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீர் நின்றதற்குக் காரணம் நிலத்தின் தாழ்வும் வாய்க்கால்களின் நிலையும். தெருப்பின்னலை அதற்குக் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. ஆனால் நீர் நின்ற பின் ஆட்களை வெளியே கொண்டுவரும் வேலையில் தெருப்பின்னலுக்குப் பங்குண்டு. ஒரே வாயில் உள்ள நகரில், அந்த வாயில் தாழ்ந்த இடத்தில் இருந்துவிட்டால், உள்ளே மேடான தெருவில் இருப்பவர்களும் சிறைப்பட்டவர்களே.

கடலூரோடு ஒப்பிட்டால் இன்னொரு வகை தெரிகிறது. அது பல ஊர்கள் சேர்ந்த நகரம்: ஆற்றுக்கு ஒரு பக்கம் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், மறுபக்கம் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிய தேர் வீதிகளோடு திருப்பாதிரிப்புலியூர், தெற்கே சில கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தை ஒட்டிய முதுநகர். கெடிலமும் தென்பெண்ணையும் உப்பனாறும் இவற்றைப் பிரித்து வைத்ததால், நகரத்தின் இணைப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்களில் தொங்குகிறது. அண்ணா பாலத்தில் வண்டி நின்றால் மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் தனித்தனி ஊர்களாகிவிடும். 2011-இல் 1,73,636 பேர் இருந்த நகராட்சி 2021-இல் மாநகராட்சி ஆனது. வளர்ச்சி நெல்லிக்குப்பம் சாலை, சிதம்பரம் சாலை ஓரங்களில் போகிறது. அங்கேயும் அதே சிறு சிறு மனைப்பிரிவுகள், அதே முதுகுச் சுவர்கள்.

நாளடைவில் சரியாகுமா என்ற கேள்விக்கு உலகளவிலான தரவு சொல்வது ஊக்கமளிப்பதாக இல்லை. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இருவர் 2015-இல் அமெரிக்கத் தெருக்களை ஆராய்ந்து, புதிய தெருக்களின் இணைப்பு 1990-களின் நடுப்பகுதி வரை சரிந்து, பிறகு சற்றே மீண்டது என்று கண்டார்கள். அவர்களே 2020-இல் உலகம் முழுவதற்கும் அதைச் செய்தபோது, மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டில் 1975-க்குப் பின் போடப்பட்ட தெருக்கள் முன்னைவிடக் குறைவாகவே இணைந்திருப்பதும், 2000-க்குப் பிறகு நிலை தேறிவருபவை 29 விழுக்காடு மட்டுமே என்பதும் வெளிப்பட்டன. தொடக்கத்தில் இணைப்புக் குறைந்திருந்த நகரங்கள் பின்னாலும் அப்படியே தொடர்கின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். தெருக்கோடு பிடிவாதமானது என்று மேலே சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. இதை நம்பிக்கை என்று சொல்லத் தயங்கினாலும் வாய்ப்பு என்று சொல்லலாம். நம் மனைப்பிரிவுகளுக்கு நடுவே இன்னும் வயல்கள் இருக்கின்றன. அந்த இடைவெளி நிரம்பும்போது, இரு பக்கமும் முட்டி நிற்கும் தெருக்களைப் புதிய தெரு ஒன்று கோத்துவிட முடியும். அப்போது சராசரி இணைப்பு உயரவும் செய்யும். அந்த நாளில் முனைகள் திறந்திருக்கின்றனவா, சுவரெழும்பி வீடாகிவிட்டனவா என்பதே கேள்வி. ஒப்புதல் தரும் இடத்தில் வரைபடத்தைப் பார்ப்பவர் பக்கத்துப் புல எண்ணையும் சேர்த்துப் பார்த்து, இன்ன இடத்தில் வழி விடு என்று ஒரு வரி எழுதினால் போதும். தெரு உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்கப்படும்போதே அந்த முனையும் பொதுவாகிவிடும். அப்படி எழுதப்படாத காலம் நீண்டது. தமிழ்நாட்டில் ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்து, 2017-இல் வரன்முறை விதிகள் வந்தபோது, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் பெரும்பாலும் உள்ளது உள்ளபடியே ஏற்கப்பட்டன. வாங்கியவர்களைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்ற நியாயம் அதில் உண்டு. உடைந்த பின்னலும் அதோடு சேர்ந்தே முத்திரை பெற்றது.

குஜராத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகர் அமைப்புத் திட்டம் என்று ஒரு முறை நடைமுறையில் இருக்கிறது. பல உரிமையாளர்களின் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, தெருக்களுக்கும் பொதுவிடங்களுக்கும் உரிய பங்கைக் கழித்து, மீதியைச் சீரான வடிவில் அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். தெரு முதலில் வரையப்படுகிறது, மனை பிறகு. இரண்டு ஏக்கர்க்காரர்கள் நிறைந்த நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருந்தும் முறை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணன் தம்பி நிலத்தையே ஒரே தாளில் கொண்டுவர முடியாத ஊரில் இருபது உரிமையாளர்களை ஒருங்கே உட்கார வைப்பதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

திறப்பை எதிர்ப்பவர்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். முட்டுத் தெருவில் பிள்ளைகள் விளையாடலாம், அயல் வண்டி வராது, திருட்டுப் பயம் குறைவு என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. ஆனால் வண்டியைத் தடுப்பதற்கு ஆளையும் தடுக்கத் தேவையில்லை. ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் வண்டிக்கு முட்டாக இருக்கும் தெரு நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முட்டாக இருப்பதில்லை. நம் பழைய ஊர்களின் சந்துகளும் அதே வேலையைத்தான் செய்துவந்தன.

உங்கள் நகருக்கு வருகிறேன். பள்ளியின் பக்கத்து மனைப்பிரிவுக்கும் உங்களுடையதற்கும் ஒப்புதல் பெற்ற வரைபடங்களின் படியை வாங்கி, இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டு எல்லையை ஒட்டி வையுங்கள். பூங்காவுக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கிய இடம் எல்லையைத் தொட்டால், அந்த இடத்தில் ஆறடி நடைவழி கேட்பதற்கு எந்த வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. உள்ளாட்சியின் இடத்தில் உள்ளாட்சி ஒரு வாயில் வைத்தால் போதும். அப்படி இடம் இல்லையென்றால், இரண்டு பக்கமும் தெரு முனைகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா, நடுவில் இருப்பது வெறும் சுவரா, யாரோ ஒருவர் பெயரில் உள்ள பட்டையா என்று பாருங்கள். வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அது பொதுப்பணித் துறைக்கும் உங்கள் உள்ளாட்சிக்கும் இடையில் சுற்றும் விண்ணப்பமாகும், காலம் பிடிக்கும். முனைக்கு எதிரே காலி மனை ஏதாவது இன்னும் கட்டப்படாமல் கிடந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்; அங்கே அடித்தளம் தோண்டிய பிறகு, மணியோசை ஒன்றுதான் அந்தப் பக்கமிருந்து வரும்.